கிளின்டனை வதிவிடமாகக் கொண்டவர்

சனிக்கிழமை காலை. லவாலில் உள்ள கராஜில் பனிக்கால ரயர்களைக் கழற்றக் கொடுத்துவிட்டு இருந்தேன். எனக்கு முன்னால் முப்பது வாகனங்கள் நின்றன. ஆனாலும் என்னைக் கண்டதும் முதலாளி எழுந்து வந்து கைகொடுத்து, என் வாகனத்தை முன்னுக்கு எடுத்தான். மொன்றியலில் எனக்கு அப்படியொரு மதிப்பு. அந்த நேரம்தான் கைத்தொலைபேசி அடித்தது.

"தம்பி, அண்ணை போயிட்டார்."

தவராசா அண்ணையின் மனைவி புவனம் அக்காவின் குரல். விடியத் தேத்தண்ணியோடு போய் எழுப்பியிருக்கிறா. எழும்பவில்லை. எழுபத்தெட்டு வயது.

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஏதோ பெரிதாகச் சொல்லத் தொடங்கியிருப்பேன். அக்கா இடைமறித்தா.

"அழுறதுக்குப் பேந்து நேரம் இருக்கு. நோட்டீஸ் இண்டைக்கே போகவேணும். நீங்கள்தானே எழுதுவியள்?"

"நான்தான் அக்கா. வேற ஆர்?"

"கிளின்டனை விட்டிடாதேங்கோ. அதைப் போடச்சொல்லி எனக்குச் சொல்லி வைச்சவர்."

நம்மவர்களின் மரண அறிவித்தலில் முதல் வரி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். இந்த நகரத்தில் அந்த வரியை என்னைப்போல் எழுத ஆளில்லை. இதுவரை முந்நூறு அறிவித்தல் எழுதியிருக்கிறேன். சரி, நூறு. அன்று மத்தியானம் நூற்றியோராவதை எழுத உட்கார்ந்தேன். "யாழ். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், கனடா மொன்றியலை வதிவிடமாகவும் கொண்ட இராசையா தவராசா அவர்கள்" என்று எழுதினேன். கிளின்டனை எழுதவில்லை.

அக்கா கண்டுபிடித்துவிட்டா. செத்தவீட்டில் சனத்துக்கு நடுவிலேயே கேட்டா: "ஏன் தம்பி விட்டியள்?"

"இடம் காணாமல் போச்சு அக்கா."

அது பொய். ஒரு சொல்லுக்கு இடம் போதாமல் போகுமா? அந்தச் சொல்லை எழுதினால் அது எப்படி வந்ததென்றும் எழுத வேண்டும். அதற்கு எனக்குத் துணிவு போதவில்லை. இப்போது முப்பத்தோராம் நாளுக்கு இந்த நினைவு மலர் அச்சாகிறது. "அண்ணையைப் பற்றி நீங்கள் எழுதுங்கோ, ஆனால் கூட்டாமல் எழுதுங்கோ" என்று அக்கா சொல்லியிருக்கிறா. எழுதுகிறேன். அங்கங்கே கூடிவிட்டால் நானே குறைத்துவிடுகிறேன்.

தவராசா அண்ணையை அறியாதவர்களுக்காக: உயரமானவர், மெலிந்தவர். காதில் எப்போதும் ஒரு பென்சில். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் சங்கிலி பிடித்தவர். அளவையாளர் துரை கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்க, முள்ளுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் சங்கிலியை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இருப்பார்களே, அவர்களில் ஒருவர். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் "வடக்கை என்ன? கிழக்கை என்ன?" என்றுதான் கேட்பார். கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தால் சாமியைக் கும்பிடுமுன் நடந்து அளந்துவிடுவார். பிறகு மொன்றியலுக்குப் பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தபோது, லொறிக்குள் இந்தப் பெட்டி போகுமா போகாதா என்று கண்ணாலேயே சொல்லுவார். அங்கே அளவுநாடாவைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று நான் சொல்லித் திரிவதுண்டு. எறியவில்லை. ஆனால் அதைத் தேடுகிற வேலை குறைந்தது.

அவரை நான் சந்தித்தது கனடாவில் அல்ல, அமெரிக்காவில். எண்பதுகளின் கடைசிப் பகுதி. கனடா எல்லைக்கு வந்த எங்கள் ஆட்களை, "இந்தத் திகதிக்கு வாருங்கள்" என்று துண்டு கொடுத்து அமெரிக்கப் பக்கமே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். அப்படித் திருப்பப்பட்டு, எல்லைக்குத் தெற்கே பிளாட்ஸ்பேர்க் என்ற ஊரில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இருபத்தாறு நாள் கிடந்தோம். மைனஸ் ஐம்பது குளிர். சரி, முப்பது. எனக்குப் பக்கத்துக் கட்டில் தவராசா அண்ணை. கல்யாணம் கட்டி எட்டு மாதத்தில் மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். தலையணைக்குக் கீழே அக்காவின் படம் இருந்தது.

அங்கே எங்களைப் பார்த்துக்கொண்டவ ஹெலன் என்ற வயதான அம்மா. சூப் கொண்டு வருவா, கம்பளி கொண்டு வருவா. ஒவ்வொரு நாளும் ஒரே வசனத்தைச் சொல்லுவா. நீங்கள் இப்போது கிளின்டன் கவுண்டியில் இருக்கிறீர்கள், பயப்பட வேண்டாம்.

நிலவறைச் சுவரில் அந்தக் கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், வரைபடம் ஒன்று தொங்கியது. மற்றவர்கள் கடதாசிச் சீட்டு விளையாடுவார்கள். அண்ணை வரைபடத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார்.

"என்ன அண்ணை, அதுக்குள்ளை அளவெட்டி தெரியுதோ?" என்று நான் பகிடி விட்டேன்.

"அளவெட்டி தெரியேல்லை. பெரு தெரியுது."

"பெருவோ? அது தென்னமெரிக்காவிலை இருக்கிற நாடெல்லோ?"

"அதுதான் நானும் யோசிக்கிறன். இஞ்சை பிளாட்ஸ்பேர்க்குக்குக் கீழை கிடக்கு. நடந்து போகலாம் போல."

உண்மைதான். கிளின்டன் கவுண்டிக்குள் பெரு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். அதே கவுண்டிக்குள் கிளின்டன் என்றும் ஒரு சிற்றூர் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் என்னைப்போன்ற கெட்டிக்காரனே தடுமாறியிருக்கிறான் என்றால், மற்றவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

கெட்டிக்காரன் என்றது சும்மா அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஆனாலும் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரருக்குப் பெட்டி தூக்கிய காலத்தில் ஆங்கிலம் என் வாய்க்குள் தானாக வந்து இருந்துவிட்டது. அந்த நிலவறையில் இருந்த இருபது பேருக்கும் நான்தான் வாய். எல்லைக்குக் கொண்டுபோக வேண்டிய விண்ணப்பப் படிவங்கள் வந்தபோது, என்னுடையதை ஹெலன் அம்மா நிரப்பித் தந்து, "இதைப் பார்த்து மற்றவர்களுக்கும் எழுது" என்றா. அன்றைக்கே அண்ணை எனக்கு "லோயர்" என்று, அதாவது வக்கீல் என்று, பட்டம் வைத்தார். இன்றைக்கும் மொன்றியலில் லோயர் பரஞ்சோதி என்றால்தான் என்னைத் தெரியும். டெப்பனூர், அதாவது மூலைக்கடை, வைத்திருந்த பரஞ்சோதி என்றால் நாலு பேரைக் காட்டுவார்கள்.

அண்ணையின் படிவத்தை எடுத்தேன். பெயர், பிறந்த திகதி, தொழில். எல்லாம் முத்து முத்தான எழுத்து. பிறகு ஒரு கேள்வி: இங்கு வருவதற்கு முன் கடைசியாகத் தங்கியிருந்த நாடு எது?

என் படிவத்தில் ஹெலன் அம்மா என்ன எழுதியிருக்கிறா என்று எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பரஞ்சோதி பார்த்து எழுதுகிற ஆள் அல்ல. அந்த அம்மா ஒவ்வொரு நாளும் சொன்ன வசனம் காதுக்குள் இருந்தது. அவ கவுண்டி என்று சொன்னது என் காதில் கன்றி என்று விழுந்திருந்தது. கன்றி என்றால் நாடு. இதிலென்ன கஷ்டம்? "கிளின்டன்" என்று எழுதினேன். வடிவான எழுத்தில், அந்தக் கட்டம் நிறைய.

"என்ன எழுதினனீ?" என்று அண்ணை கேட்டார்.

"எல்லாம் சரி அண்ணை. கையெழுத்தை வையுங்கோ."

வைத்தார்.

எல்லையில் அதை எவரும் கவனிக்கவில்லை. ஆயிரம் படிவத்தில் ஒன்று. அண்ணை உள்ளே வந்தார், நானும் வந்தேன். அவருக்குப் புவாண்ட்-கிளேரில் வேலை கிடைத்தது. எனக்கு நகரத்தின் பெரிய உணவகத்தில் சமையல் பொறுப்பு. அதாவது கோப்பை கழுவுகிற பொறுப்பு. ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தோம். அவருடைய அகதி வழக்கு வென்றது, பிறகு நிரந்தர வதிவுரிமையும் கிடைத்தது. அந்தக் கிழமையே அக்காவைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். "ஆறு மாசத்திலை வந்திடுவா" என்று சொல்லிக்கொண்டு, பொம்பிளைகளின் பனிச்சப்பாத்து ஒரு சோடி வாங்கி அறை மூலையில் வைத்தார்.

ஆறு மாதத்தில் வந்தது அக்கா அல்ல, ஒரு கடிதம்.

அண்ணை வேலையால் வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் அதை என்னிடம் நீட்டினார். வாசித்தேன். உமது புதிய விண்ணப்பத்தில் கிளின்டன் என்ற நாடு குறிப்பிடப்படவில்லை. முன்னைய ஆவணக் கோவையில் நீர் கடைசியாக அந்த நாட்டில் வசித்ததாக இருக்கிறது. விளக்கம் தேவை. அந்த நாட்டின் பொலிஸ் சான்றிதழும் தேவை.

"யோசியாதேங்கோ அண்ணை," என்றேன் நான். "அந்த நாட்டுத் தூதரகம் ஒட்டாவாவிலை இருக்கும். நான் கதைக்கிறன்."

பொய் சொல்லவில்லை, தொலைபேசி விசாரணைக்கு அடித்தே கேட்டேன். அங்கே இருந்த பெண் மரியாதையான பிள்ளை. இரண்டு தரம் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியொரு நாட்டுக்குத் தூதரகம் இல்லை ஐயா என்றாள்.

நான் தொலைபேசியை வைத்தேன். அண்ணை கடிதத்தோடு வந்திருந்த படிவப் பிரதியை மேசையில் விரித்தார்.

"லோயர், இந்த எழுத்து ஆரின்ரை?"

முத்து முத்தான எழுத்து. நான் அதுவரையில் என் எழுத்தைக் கண்டு வெட்கப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் எந்தக் கூட்டலும் இல்லை. நாங்கள் விளக்கம் எழுதி அனுப்பினோம். மேலும் விளக்கம் கேட்டு எழுதினார்கள். அமெரிக்காவில் இருந்ததாக எழுதினோம். அப்படியானால் முதலில் ஏன் கிளின்டன் என்று சொன்னீர், எதை மறைக்கிறீர் என்று கேட்டு எழுதினார்கள். கோவை ஓரமாகப் போய்விட்டது. ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அக்காவின் கடிதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலாசத்தில் இருந்து வந்தன. பனிச்சப்பாத்து மூலையிலேயே இருந்தது.

கடைசியில் நேர்முக விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்திய இரண்டு மாதமும் அண்ணை என்ன செய்தார் தெரியுமா? வேலை முடிய நேரே நூலகம். ஆங்கிலம் அவ்வளவு ஓடாது, பிரெஞ்சு அறவே ஓடாது. ஆனால் வரைபடத்துக்கு எந்தப் பாஷையும் தேவையில்லை. பண்டகசாலைப் பெட்டி மட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் காதுப் பென்சிலால் கிளின்டன் கவுண்டியைக் கீறிக்கொண்டு வருவார். நான் புத்தகங்களைப் பார்த்து இலக்கங்களை வாசித்துச் சொல்ல வேண்டும்.

"சனத்தொகை?"

"எண்பத்தாறாயிரத்துக்குக் கிட்ட, அண்ணை."

"திரும்ப வாசி. இந்தமுறை வடிவாய் எழுத்தைப் பார்த்து வாசி."

"எண்பத்தாறாயிரத்துக்குக் கிட்ட."

"ம். மலை?"

"லயன் மலை. மூவாயிரத்து எண்ணூறு அடிக்கு மேலை."

"சிங்கமோ?"

"ஆரோ ஒரு மனிசன்ரை பேராம்."

விசாரணைக்கு நானும் துணையாகப் போனேன். சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். நான் மூலைக் கதிரையில். அதிகாரி கோவையைத் திறந்து, கிளின்டன் என்பது எந்த நாடு என்று கேட்டா.

அண்ணை எழுந்து நின்றார். எழுந்து நிற்கத் தேவையில்லை என்று சொன்னார்கள். அவர் இருக்கவில்லை. பெட்டி மட்டையை மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். ஊரில் காணி உறுதிப் பத்திரம் வாசிக்கக் கேட்டிருக்கிறீர்களா? அந்தக் குரலில்.

"கிழக்கு, சாம்ப்ளேன் வாவி. வடக்கு, இந்த கியூபெக். மேற்கு, பிராங்க்ளின் கவுண்டி. தெற்கு, எசெக்ஸ் கவுண்டி. இந்நான்கு எல்லைகளுக்கும் உட்பட்ட நிலமும், அதிலடங்கிய லயன் மலையும், சரனாக் ஆறும், அப்பிள் தோட்டங்களும், வான்பயிர் செய்பயிரும், எண்பத்தாறாயிரம் சனமும்."

மொழிபெயர்ப்பாளர் திகைத்துப் போனார். "ஐயா, வான்பயிர் செய்பயிருக்கு நான் என்னெண்டு சொல்ல?"

"மழைக்கு வாறதும் மனிசன் செய்யிறதும் எண்டு சொல்லுங்கோ."

சொன்னார். அதிகாரி வரைபடத்தை இழுத்துப் பார்த்தா. விரலை ஓரிடத்தில் வைத்து, இதென்ன, நீர் பெருவிலும் இருந்தீரா என்று கேட்டா. குரலில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பெருவிலை இருக்கேல்லை அம்மா. அதுக்கு வடக்கை, ஒரு கோயிலுக்குக் கீழை இருந்தனான். இருபத்தாறு நாள்." அண்ணை மட்டையின் ஓரங்களைத் தொட்டுக் காட்டினார். "ஒரு காணி என்னெண்டு தெரியவேணுமெண்டால் அயல் காணியளைப் பார்க்கவேணும். இதுக்கு மேற்கையும் கவுண்டி. தெற்கையும் கவுண்டி. அப்ப நடுவிலை கிடக்கிறது மட்டும் என்னெண்டு நாடாகும்?"

அதிகாரி அதை எழுதிக்கொண்டா. பிறகு நிமிர்ந்து, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டா. அப்படியானால் இந்தப் படிவத்தில் நாடு என்று எழுதியது யார்?

எனக்கு அப்போது வதிவுரிமை கிடைத்திருக்கவில்லை. என் கோவை அதே கட்டடத்தில் ஏதோவொரு மாடியில் கிடந்தது. பிழையான தகவல் எழுதிக்கொடுத்தவன் என்று என் பெயர் அங்கே ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அண்ணைக்கும் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"நான்தான் எழுதினன்," என்றார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

பத்துப் பேர் நடுவில் ஊசி விழுந்தாலும் கேட்கிற காது அவருடையது. நான் மூலைக் கதிரையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாய் திறக்காமல் இருந்த நாள் அது ஒன்றுதான். திறந்திருக்க வேண்டிய நாளும் அதுதான்.

திரும்பும்போது மெத்ரோவில் கேட்டேன். "ஏன் அண்ணை என்ரை பேரைச் சொல்லேல்லை?"

"உன்ரை கேஸ் உள்ளுக்கை கிடக்கு. ஒரு பிழைக்கு ரெண்டு பேர் தேவையில்லை."

இரண்டு தரிப்பிடம் போன பிறகு சொன்னார்: "ஆனால் லோயர், இனி நீ ஆருக்கு என்ன எழுதினாலும், எழுதினதை அந்த ஆளுக்கு வாசிச்சுக் காட்டு. வாசிச்சுக் காட்டாமல் கையெழுத்து வாங்காதை."

அன்று முதல் இன்று வரை நான் அப்படித்தான் செய்கிறேன். இந்த நகரத்தில் என்னிடம் படிவம் நிரப்ப வருகிறவர்கள், "என்ன அண்ணை, பூசை வைக்கிறமாதிரி வாசிக்கிறியள்" என்று பகிடி பண்ணுவார்கள். அது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

விண்ணப்பம் சரிவந்து அக்கா வந்தா. விமான நிலையத்தில் அண்ணை பனிச்சப்பாத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவவுக்கு அது இரண்டு இலக்கம் பெரிது. அளவுகளில் அண்ணை விட்ட ஒரே பிழை அதுதான் என்று நான் சொல்லுவேன். அவ அதைப் பத்துக் குளிர்காலம் துணி அடைத்துப் போட்டா. மகள் ஆர்த்தி பிறந்தாள். லவாலில் வீடு வாங்கினார்கள்.

படிவத்தை ஆர் எழுதியது என்று அண்ணை அக்காவுக்குச் சொல்லவேயில்லை. தன் புருஷன்தான் ஒரு கவுண்டியை நாடாக்கி, தன்னைக் காக்க வைத்த மடையன் என்று அக்கா இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தா. நினைத்ததோடு விடவில்லை.

"கிளின்டன் நாட்டு ராசா எழும்புங்கோ, குப்பை வாளி வைக்கவேணும்."

"ராசாவுக்கு இண்டைக்கு மந்திரி சபை இல்லையோ? அப்ப வெங்காயத்தை உரியுங்கோ."

இதெல்லாம் என் கண் முன்னால்தான். நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருப்பேன். அண்ணை சிரித்துக்கொண்டே வெங்காயம் உரிப்பார். ஊர்ச்சனமும் பிடித்துக்கொண்டது. கிளின்டன் அண்ணை என்பது பலர் நினைப்பதுபோல் எந்தச் சனாதிபதியையும் வைத்து வந்த பட்டம் அல்ல. நான் எழுதிய ஒரு சொல்.

அந்தக் கவுண்டியை அவர் கைவிடவும் இல்லை. அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை சனத்தொகை எடுப்பார்கள். எடுத்ததும் எனக்குத் தொலைபேசி வரும். அங்கே இருந்த விமானப்படைத் தளத்தை மூடிய பிறகு சனம் குறைந்தது. கடைசிக் கணக்கில் எண்பதினாயிரத்துக்கும் சற்றுக் கீழே போய்விட்டது.

"வெளிக்கிட்டு வந்தது நாங்கள் இருபது பேர்," என்றார். "மிச்ச ஆறாயிரமும் எங்கை போச்சு?"

சில வருடங்களுக்கு முன், அப்பிள் காலத்தில், மூன்று பேருமாக அங்கே போனோம். நான்தான் வாகனம் ஓட்டினேன். எல்லையில் அதிகாரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். பின் இருக்கையில் இருந்து அண்ணை தலையை நீட்டி, "கிளின்டன் கவுண்டி" என்றார். கவுண்டி என்பதில் அழுத்தம். கவுண்டியில் எந்தப் பக்கம் என்றான் அவன். "எல்லாப் பக்கமும்" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான்.

பிளாட்ஸ்பேர்க்கில் அந்தத் தேவாலயம் இருந்தது. ஹெலன் அம்மா எப்போதோ போய்விட்டாவாம். பெருவில் அக்கா அப்பிள் தோட்டத்துக்குள் இறங்கினா. நானும் அண்ணையும் இன்னும் தெற்கே, எசெக்ஸ் கவுண்டி தொடங்குகிற பலகை வரைக்கும் போனோம். இறங்கி, ஒரு கால் கிளின்டனிலும் ஒரு கால் எசெக்ஸிலும் வைத்துக்கொண்டு நின்றார். "படம் எடு" என்றார். எடுத்தேன். இந்த மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். அதை எடுத்தவன் நான்.

திரும்பி வரும் வழியில் வாவிக் கரையில் நிறுத்தினோம். அக்கா வாகனத்துக்குள் அப்பிள் எண்ணிக்கொண்டு இருந்தா. அண்ணை வாவியைக் கையால் காட்டினார்.

"இந்தத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது சொல்லு பாப்பம்."

"தெற்கை. கடல் அங்கைதானே."

"எட்டாம் வகுப்பு. வடக்கை ஓடுது. ரிஷ்லியூ ஆறாய் எங்கடை பக்கம் வந்து, சோரெல்லை செயின்ட் லோரன்ஸ் ஆத்தோடை சேருது. நாங்கள் எல்லையிலை இருபத்தாறு நாள் நிண்டம். இதை ஆர் மறிச்சது?"

பிறகுதான் அதைச் சொன்னார். "நான் செத்தால் நோட்டீசிலை இந்த இடத்தையும் போடு. இருபத்தாறு நாளெண்டாலும் இருந்த இடம் இருந்த இடந்தான். ஆனால் நாடெண்டு போட்டிடாதை."

"அண்ணை, அக்காவுக்கு..."

"நான் சொல்லமாட்டன். சொல்லுறதெண்டால் நீ சொல்லு. சொல்லாட்டிலும் எனக்குக் குறையில்லை."

நான் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருந்த ஒரு நாளிலும் சொல்லவில்லை. அறிவித்தலிலும் விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை லவாலுக்குப் போனேன். இதுவரை எழுதியதைக் கையில் கொண்டுபோய், அக்காவுக்கு முன்னால் இருந்து வாசித்துக் காட்டினேன். அண்ணை போட்ட சட்டம் அது, அவருடைய கட்டுரைக்கு அதை மீற முடியாது. அதிகாரி கேட்ட இடம் வந்தபோது ஒரு வரியையும் விடாமல் வாசித்தேன். அக்கா கையில் இருந்த துவாயை மடித்துக்கொண்டே இருந்தா. நான் முடித்த பிறகும் மடித்துக்கொண்டு இருந்தா.

"அப்ப அது நீங்களோ?"

"ஓம் அக்கா."

"அந்தச் சொல்லாலை ரெண்டு வருசமும் நாலு மாசமும், தம்பி. அதுக்குள்ளை நான் மூண்டு இடம் மாறினன். ஒரு இடத்திலை கூரையே இல்லை."

அக்கா எழுந்து குசினிக்குள் போனா. தண்ணி திறக்கும் சத்தம் கேட்டது, பூட்டும் சத்தம் கேட்டது. வெளியே போ என்று சொல்லுவா என்று எதிர்பார்த்து, கோட்டைக்கூட எடுத்துவிட்டேன். திரும்பி வந்து எதிரில் இருந்தா.

"இவ்வளவு காலமும் அந்த மனிசனை நான் ராசா ராசா எண்டு பகிடி பண்ணினன். ஒரு நாளாவது வாய் திறந்தாரோ? உங்களைச் சொல்லி என்ன, அவரையல்லோ முதலிலை கேக்கவேணும்." கண்ணைத் துடைத்தா. "ரெண்டு வருசம் நாலு மாசம். அதையும் எழுதுங்கோ. கூரை இல்லாததையும் எழுதுங்கோ. பிறகு நோட்டீசின்ரை முதல் வரியைத் திருத்தி, எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அவர் கேட்டது ஒண்டே ஒண்டு."

அங்கேயே எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன். மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரம் அக்கா தலையாட்டினா. அறிவித்தல் போய் ஒரு மாதமாகப் போகிறது, அதை இனித் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் இந்த மலரில், அவர் படத்துக்குக் கீழே, ஆர்த்தி பெரிய எழுத்தில் போடுவது இதுதான்:

யாழ். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், அமெரிக்கா கிளின்டன் கவுண்டியை இருபத்தாறு நாள் வதிவிடமாகவும், கனடா மொன்றியலை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட இராசையா தவராசா.

முப்பத்தோராம் நாள் காலை அஸ்தியை செயின்ட் லோரன்ஸ் ஆற்றில் விடுகிறோம். பனி கரைந்து ஆறு வேகமாக ஓடுகிறது. ஆர்த்தி கலசத்தைப் பிடிப்பாள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறா. நிற்பேன்.

அண்ணை, வழி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் எழுதியதை வாசித்துக் காட்டுவதுதானே சட்டம். ஆற்றோடு கிழக்கே போங்கோ. சோரெல் வரும். அங்கே வலப்பக்கத்தால் ஒரு தண்ணி வந்து சேரும். அது உங்கள் கவுண்டித் தண்ணி.

போயிட்டு வாங்கோ அண்ணை. எல்லாம் சரியாய் எழுதியிருக்கிறன்.

லோயர் பரஞ்சோதி